பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமை கலந்துரையாடல் வகுப்பு குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்தபோது உங்களில் சிலர் என் அறைக்கும் வந்தீர்கள். வேறு சிலர் வகுப்பாசிரியர்களிடம் பேசியிருக்கிறீர்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சாதி, மதம், நிறம், மொழி, ஊர் என்று பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது எதற்கு? ஒரு தந்தை மடக்கியே கேட்டார்: "பள்ளிக்கூடத்தில் சாதிப் பேச்சே கூடாது என்று இத்தனை வருடம் சொன்னது நீங்கள்தானே?"

ஆமாம், சொன்னோம். இப்போதும் சாதிப் பெயரைச் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது, மட்டம் தட்டக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால், பேசாமல் இருந்ததால் அது பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டதா? மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பாருங்கள். சைக்கிள் மட்கார்டில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். தலைவர்கள் பிறந்தநாளன்று உங்கள் பிள்ளை வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பாருங்கள். மதியம் யார் யாருடைய டிபன் பாக்ஸில் கைவைக்கிறார்கள், யாருடையதில் வைப்பதில்லை என்பதை வராந்தாவில் நடந்துபோகும் எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ படித்த மாணவரை சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது என்ற பரிந்துரையைத்தான் தொலைக்காட்சிகளில் அதிகம் விவாதித்தார்கள். ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குக் கசப்பான வரிதான். இருந்தாலும் எழுதியவர்கள் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிடலாம், நாங்களும் சொல்கிறோம். அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதற்குச் சுற்றறிக்கை எதுவும் வராது. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை வகுப்பு.

இதை ஏன் பிளஸ் டூவில் வைத்திருக்கிறோம் என்றால், அடுத்த ஆண்டு இந்நேரம் இவர்கள் கோவையிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு கல்லூரி விடுதியில் இருப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்த முகங்கள் பக்கத்தில் இருக்காது. அறைத்தோழன் எந்த மாவட்டமோ, எந்த மாநிலமோ, என்ன சாமி கும்பிடுகிறானோ தெரியாது. முதல் வாரமே யாராவது "நீங்கள் என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இல்லாவிட்டால் "கட்ஆஃப் எவ்வளவு, எந்த கோட்டா?" என்று கேட்பார்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

உங்கள் பிள்ளைகளில் பலர் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போகப்போகிறவர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கிடைத்த உரிமை அது. வகுப்பில் நாங்கள் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். பெயர் எழுதாமல் யாரும் கேள்விச் சீட்டு போடலாம். ஒரு வாரம் இப்படி ஒரு சீட்டு வந்தது: "7.5இல் சீட் வாங்கினால் காலேஜில் கேவலமாகப் பார்ப்பார்களா?"

வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி எழுந்து, பார்ப்பவர்கள் பார்க்கட்டும், அந்த ஏழு வருடமும் லேப் இல்லாமல் படித்தது நாம்தானே என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஒரு மாணவன், முந்தைய வாரம்தான் "மார்க் குறைந்தவர்களுக்குச் சீட் கொடுத்தால் திறமை என்னாவது?" என்று சாதி இடஒதுக்கீட்டை எதிர்த்து நெடுநேரம் வாதாடியவன். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் அதை நினைவூட்டினார். "அது வேறு, இது வேறு" என்றான் அவன். "எப்படி வேறு?" என்று கேட்டார்கள். ஒன்று படித்த பள்ளியைப் பார்ப்பது, மற்றது பிறப்பைப் பார்ப்பது என்றான். நல்ல வாதம். பிறப்பால்தானே சில பேருக்குப் பள்ளியே கிடைக்காமல் இருந்தது என்று பதில் வந்தது. அதுவும் நல்ல வாதம். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் அவர்களுக்கு 1951ஆம் ஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கைப் படிக்கக் கொடுத்தோம். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, இங்கே போராட்டம் வெடித்தது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தில், பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்ந்தது, தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு இன்றைக்கு 69 சதவீதம் வரை வந்தது என்று வரிசையாகப் பார்த்தார்கள். மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்குப் போட்டவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்ற இடத்தில் வகுப்பே சிரித்துவிட்டது. அந்த மாணவன் தன் கருத்தை மாற்றிக்கொண்டானா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. மாற்றுவது எங்கள் வேலையும் இல்லை. இப்போது அவன் பேசுவதற்கு முன் படித்துவிட்டு வருகிறான். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறான். கல்லூரிக்கு அந்தப் பழக்கம் போதும்.

திருப்பூரில் இருந்துகொண்டு வெளி மாநிலத்தவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நம் பள்ளியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சில பேர் இங்கேயே பிறந்தவர்கள், தமிழில் மற்றவர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள். உங்களோடு பனியன் கம்பெனியில் அதே ஷிப்டில் நிற்பவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் வகுப்பில் சொன்னது இது: "என்னை யாரும் அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஆனால் வகுப்பில் ஏதாவது காணாமல் போனால் முதலில் என் பையைத்தான் திறப்பார்கள்." அவன் முடித்ததும் ஒரு மாணவி, டெல்லியில் படிக்கும் தன் அக்காவை அங்கே "மதராசி" என்று கூப்பிட்டு நிறத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி ஆசிரியர் சொல்லவில்லை, அவர்களே பார்த்தார்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதும், நம் ஊர் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியதும், பீகாரிலிருந்து ஒரு குழுவே நேரில் வந்து விசாரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேச்சு வார்த்தை இல்லாத இடத்தில் ஒரு வீடியோ போதும். 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த நிடோ தானியா என்ற மாணவரின் தலைமுடியைக் கேலி செய்ததில்தான் சண்டை தொடங்கியது. அடிபட்டு மறுநாள் அவர் இறந்தார். வடகிழக்கு மாநிலத்தவர் படும் பாட்டை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான். நம் பிள்ளைகள் கல்லூரியில் கேலி செய்யப்படுகிறவர்களாகவும் இருக்கலாம், கேலி செய்கிறவர்களாகவும் இருக்கலாம். இரண்டாவதைப் பற்றி என்னிடம் இதுவரை எந்தப் பெற்றோரும் கவலைப்பட்டுப் பேசியதில்லை.

ராகிங் பற்றி நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு தன் 2009ஆம் ஆண்டு விதிகளை 2016இல் திருத்தி, நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று சேர்த்தது. புகார் சொல்ல இலவச எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

இன்னொரு கவலையும் உங்களுக்கு இருக்கிறது. அதை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னீர்கள். ஆணும் பெண்ணும் உட்கார்ந்து சாதி பேசினால் நாளைக்கு வேறு எங்கேயாவது போய் முடியும் என்ற பயம். நானே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பு யாருக்கும் திருமணம் பேசும் இடம் இல்லை. அதே சமயம், 2016 மார்ச்சில் நம் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் ஒரு பொறியியல் மாணவர் சாதி மாறித் திருமணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். அதைச் சிசிடிவி காட்சியாக இந்தப் பிள்ளைகள் எல்லோரும் போனில் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள மாட்டோம். கொலை என்றுதான் சொல்வோம், கௌரவம் என்ற சொல்லை அதன் முன்னால் சேர்க்க மாட்டோம்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிள்ளையையும் உன் சாதி என்ன என்று கேட்பதில்லை. தன் சாதிக்கோ மதத்துக்கோ ஊருக்கோ வக்காலத்து வாங்கும்படி யாரையும் எழுப்புவதில்லை. பேச விருப்பமில்லாதவர்கள் பேசாமல் இருக்கலாம். முதல் இரண்டு வாரமும் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். "உங்க ஆளுங்க" என்று தொடங்கும் வாக்கியத்தை ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார்; தனக்கு நடந்ததை, தான் பார்த்ததை, தான் படித்ததைச் சொல்லலாம். இரண்டு ஆசிரியர்கள் உடன் இருப்பார்கள். யாராவது ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விஷயம் வகுப்பைத் தாண்டி என்னிடம் வரும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போகும். பாடம் கெடுமோ என்று பயப்பட வேண்டாம்; வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை, திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் அதுவும் நிற்கும்.

தங்கள் பிள்ளைக்கு இந்த வகுப்பிலிருந்து விலக்கு வேண்டும் என்று மூன்று பெற்றோர் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். விலக்கு தருவதற்கில்லை. ஒரு பிள்ளை இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளையின் சமூகத்தைப் பற்றிப் பேசுவதும் முறையில்லை. நீங்கள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுவதும் கேட்கலாம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் பிள்ளையிடம் "யார் என்ன சொன்னான்?" என்று மட்டும் குடைந்து கேட்காதீர்கள். அப்படிக் கேட்டு அடுத்த நாள் தெருவில் ஒரு சண்டை வந்தால் பெட்டியில் ஒரு சீட்டும் விழாது.

மற்றதை நேரில் பேசுவோம். சனிக்கிழமை சம்பள நாள், யாரும் வர முடியாது என்பதால் கூட்டத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் வைத்திருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவினரும் வருவார்கள். இந்தி, ஒடியா பேசும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நம் முன்னாள் மாணவர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் லைனில் அப்படி யாராவது வேலை செய்தால் இந்தச் செய்தியைச் சொல்லிவிடுங்கள். தாயோ தந்தையோ, முடிந்தால் இருவரும் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
திருப்பூர் மாவட்டம்