டி செல்கள் ஆன்டிஜெனை அறியும் விதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் தடுப்பாற்றல் குறித்து வெளியான கட்டுரை ஆன்டிபாடிகளை நன்கு விளக்கியபோதிலும், டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களின் பங்கை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி செல்கள், தம் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் என்ற புரதங்களால் ஆன்டிஜெனின் (தடுப்பாற்றலைத் தூண்டும் பொருளின்) வடிவத்தை நேரடியாகவே பற்றிக்கொள்கின்றன. அது முழுப் புரதமாகவோ சர்க்கரைத் தொடராகவோ இருக்கலாம். பெரும்பாலான டி செல்களுக்கு இது இயலாது. வைரஸ் தொற்றிய செல்லுக்குள் அந்த வைரஸின் புரதங்கள் சிதைக்கப்பட்டு, பொதுவாக 8 முதல் 10 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட துணுக்குகளாகி, அவற்றை ஏந்திக் காட்டும் எம்எச்சி என்ற புரத மூலக்கூறின் பள்ளத்தில் பொருந்தி, செல்லின் மேற்பரப்பில் காட்டப்பட்டால்தான் கொல்லி டி செல் அவற்றை உணரும். அப்போதும் துணுக்கை மட்டுமன்றி, அதைத் தாங்கும் மூலக்கூறையும் சேர்த்தே சரிபார்க்கும். இத்துறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். 1974இல் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் எலிகளைக் கொண்டு வெளியிட்ட இக்கண்டுபிடிப்புக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியைப் பார்த்த பின்னரே உடல் அதற்கேற்ற ஏற்பியை வடிவமைக்கிறது என்ற அக்கட்டுரையின் கூற்றும் திருத்தத்திற்குரியது. மரபணுத் துண்டுகள் தற்செயலாக இணைவதால் எண்ணற்ற ஏற்பி வகைகள் முன்கூட்டியே உருவாகிவிடுகின்றன. சுசுமு டோனெகாவாவின் 1976ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு வழிகாட்டியது. கிருமி நுழையும்போது, அதற்குப் பொருந்தும் செல்லே தேர்வாகிப் பெருகுகிறது. உடலின் சொந்தப் புரதங்களை வலுவாகப் பற்றும் டி செல்களில் பெரும்பாலானவை அவை முதிரும் இடமான தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன. தப்பிவரும் சிலவற்றை, 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' எனப்படும் மற்றொரு வகை டி செல்கள் அடக்கிவைக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்