மெட்ரோ ஜன்னலில் தெரியும் சுங்கச்சாவடி

பாரிஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வேலைக்குப் போகும் பாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெட்ரோவின் இரண்டாம் தடம் லா சப்பல் பக்கம் பாலத்தின் மேல் ஓடுகிறது. அதற்கு அடுத்த நிலையம் ஸ்டாலின்கிராட். அங்கே ஜன்னல் வழியே ரொத்தோந்த் த லா வில்லெத் என்ற பழைய கட்டடம் தெரியும். சதுரமான அடிப்பகுதி, நான்கு பக்கமும் கனத்த தூண்கள். மேலே வட்டமாக எழும் சுவரைச் சுற்றி இரட்டை இரட்டையாகத் தூண் வரிசை. பார்ப்பவர்கள் கோயில் என்றே நினைப்பார்கள். ஆனால் வரி வசூலிக்கக் கட்டியது அது.

மன்னருக்கு முன்பணம் கட்டி வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த செல்வந்தர்கள், ஊருக்குள் திருட்டுத்தனமாகச் சரக்கு நுழையாதிருக்க 1780களில் பாரிஸைச் சுற்றி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் வாயில்களில் வரி வாங்கக் கட்டிய சாவடிகளில் ஒன்றுதான் இந்த ரொத்தோந்த். சாவடிகளை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லெதூ. வைனுக்கும் இறைச்சிக்கும் விறகுக்கும் அங்கே வரி கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். ஏழையின் உணவுக்கு விலை ஏற்றிய இடத்துக்கு இவ்வளவு அலங்காரமா என்று எனக்கே கோபம் வருகிறது. அன்றைய மக்களுக்கு வராதா? 1789 ஜூலையில், பஸ்தீய் சிறை வீழ்வதற்கு முன்பே பல சாவடிகளைக் கொளுத்திவிட்டார்கள். சுவர் யோசனையை முன்வைத்த குத்தகைதாரர்களில் ஒருவர், நாம் வேதியியலில் படித்த அதே லவாய்சியர்! 1794இல் மற்றக் குத்தகைதாரர்களோடு அவர் தலையும் கில்லட்டினில் விழுந்தது.

பிரெஞ்சுப் புரட்சி 1791இல் ஒழித்த அந்த வரி 1798இல் திரும்பி வந்தது. 1860இல் நகர எல்லை வெளியே தள்ளிப்போக, சுவரை இடித்தார்கள், சாவடிகளும் பெரும்பாலும் போயின. ரொத்தோந்த் முதலில் படைவீரர் தங்குமிடமாகவும், பிறகு 1921 வரை உப்புக் கிடங்காகவும் இருந்தது. அழகுக்காக விட்டுவைத்தார்கள் என்பதைவிட, உப்பு மூட்டைக்கு இடம் தேவைப்பட்டதால் தப்பியது என்றே நான் நம்புகிறேன். இப்போது உள்ளே உணவகம். எங்கள் மெட்ரோ தடமோ பழைய சுவர் நின்ற கோட்டிலேயே போகிறது.

லெதூவின் சாவடிகள் இன்று நான்கு இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. தான்ஃபெர்-ரோஷ்ரோ சதுக்கத்தில் இருப்பது 2019 முதல் பாரிஸ் விடுதலை அருங்காட்சியகம். நாஜி ஜெர்மனியின் பிடியிலிருந்து பாரிஸ் விடுபட்ட 1944 ஆகஸ்டில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத் தளபதி ரோல்-தங்கி கட்டளையிட்ட சுரங்க அறை அதன் அடியிலேயே இருக்கிறது. உங்களுக்கு அது கட்டாயம் பிடிக்கும். விசா கிடைத்ததும் எழுதுங்கள். முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். படி இறங்க வேண்டும், அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்