பான்ஷி வாங்கப் போகிறவனுக்கு

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே அரிசோனாவில், சாண்ட்லரில் எல்லோரும் சுகம். பெரியவள் டூசானில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. சின்னவனுக்கு 14 ஆகிறது. அக்டோபர் பிறந்ததும் வெயில் இறங்கும், மணல்மேட்டில் வண்டி ஓட்டும் எங்கள் சீசன் தொடங்கிவிடும். யூமாவைத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குள் போனால் கிளாமிஸ். 40 மைலுக்கு மேல் நீளும் மணல்மேடுகள். ஒருமுறை உன்னை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மணலில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியான யமஹா பான்ஷியில் 2002 மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய், கூடவே ஆன்லைனில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 4 மி.மீ. கூட்டும் ஸ்ட்ரோக்கர் கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வண்டியை வாங்கு. கிராங்க் இப்போது வேண்டாம்.

முதலில் வண்டியைப் பற்றி என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் தெருமுனையில் ராஜ்தூத் 350 திரும்பினால் சத்தத்தை வைத்தே எழுந்து ஓடுவோமே, பான்ஷியும் அதே வம்சம்தான். எஸ்கார்ட்ஸ் 1983-இல் நம் ஊருக்குக் கொண்டுவந்தது யமஹாவின் காற்றில் குளிரும் ஆர்.டி.350. அதற்குப் பின்னால் வந்த தண்ணீரில் குளிரும் எஞ்சினைத்தான் யமஹா 1987-இல் நான்கு சக்கரத்தில் ஏற்றி பான்ஷி என்று விற்றது. போர் (சிலிண்டரின் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்) 54 மி.மீ., இரட்டை சிலிண்டர், 347 சி.சி. ராஜ்தூத்துக்கும் இதுதான் அளவு. அந்தக் காலத்தில் நமக்கு எட்டாத வண்டியை இந்த வயதில் உன் கராஜில் நிறுத்தப்போகிறாய். எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

ஆனால் அமெரிக்காவில் இதன் விற்பனை 2006 மாடலோடு நின்றுவிட்டது. அப்புறம் இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பிரித்துத் தின்றுதான் உயிரோடு இருக்கின்றன. யாரோ ஒருவர் கராஜில் பிரித்துப்போட்டதை ஈபேயிலோ மார்க்கெட்பிளேஸிலோ கிரெய்க்ஸ்லிஸ்டிலோ விற்கிறார், நாம் வாங்கி மாட்டுகிறோம். அதனால் பழைய பாகம் வாங்கத் தெரியாமல் இந்த வண்டி வைத்திருக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி ஒன்றுதான்: கண்ணால் பார்த்து, கருவியால் அளந்து தெரிந்துகொள்ள முடிகிற எதையும் பழையதாக வாங்கலாம். பிஸ்டன், ரிங், ஆயில் சீல், பேரிங், கேஸ்கட், பிரேக் ஹோஸ் மட்டும் எப்போதும் புதிது.

உன் கிராங்க் சங்கதி அங்கேதான் இடிக்கிறது. அது பல துண்டுகளை பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்த சாமான். வேகமாக ஓட்டிய வண்டியில் கிளட்சை டக்கென்று விட்டு விட்டுப் பழகியிருந்தால் துண்டுகள் முறுக்கிக்கொள்ளும். வி-பிளாக் என்கிற தாங்கியில் வைத்துச் சுழற்றி, டயல் கேஜால் அளந்தால்தான் அது தெரியும். விற்பவர் போடும் படத்தில் எல்லா கிராங்கும் பளபளவென்று ஒரே மாதிரிதான் இருக்கும். அதோடு, 4 மி.மீ. ஸ்ட்ரோக் கூடினால் 373 சி.சி. வரும், சரி. ஆனால் பிஸ்டன் மேலே 2 மி.மீ. அதிகம் ஏறும். சிலிண்டர் மூடியின் உட்குழிவை (ஹெட் டோம்) மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசர் தகடு வைக்க வேண்டும். கனெக்டிங் ராடு 115 மி.மீ. நீளமுள்ளதா, கம்பெனி அளவான 110-ஆ என்பதைப் பொறுத்து பிஸ்டனும் வேறாகும். கிளட்ச் ஸ்பிரிங், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். மலிவாகத் தொடங்குவது கடைசியில் வண்டியின் விலையைத் தொட்டு நிற்கும்.

அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து எஞ்சினில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட்டுக்கு வேண்டியதைச் செய்துகொள். இரண்டு கார்புரேட்டர் ரப்பர் வாய்களையும் இரண்டு எக்ஸாஸ்ட் வாய்களையும் அடைக்க நான்கு ரப்பர் அடைப்பு, ஒரு சின்ன பிரஷர் கேஜ், ஒரு கைப்பம்பு போதும். 6 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் ஏற்றிவிட்டு 6 நிமிடம் பார். முள் இறங்கக்கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி எங்கே வருகிறது என்று தேடு. ஸ்டேட்டர் (மின்சாரம் தரும் சுருள்) பக்கத்து கிராங்க் சீல், இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடி கேஸ்கட், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் காற்று கூடுதலாகப் போனால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். நல்ல பான்ஷி எஞ்சின்கள் வீணாகப் போவது பவர் போதாமல் இல்லை, இந்தச் சின்ன ஓட்டைகளால்தான். முந்தைய ஓனர் சைலன்சர் குழாயை மாற்றியிருந்தால் மெயின் ஜெட்டையும் கழற்றிப் பார். கம்பெனியில் வந்தது 200 எண் ஜெட். குழாயும் மாற்றி, ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு வெறும் ஃபில்டர் போட்டிருந்தால் 280, 300 என்று போக வேண்டியிருக்கும். உன் ஊர்க் குளிர்காற்று அடர்த்தியானது, ஜெட் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே கேட்கும். இதில் ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிலிண்டர் பழையதாக வாங்கலாம். உள்ளே இரும்பு லைனர் என்பதால் கடைந்து அகலப்படுத்த (ரீபோர்) முடியும். ஆனால் இப்போது எந்த அளவில் நிற்கிறது என்று கேள். போர் கேஜோ டிஜிட்டல் காலிப்பரோ வைத்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் கேள். 66 மி.மீ.-ஐ நெருங்கிவிட்டால் அடுத்து புது லைனர்தான், விலையை அதற்கேற்றபடி பேசு. போர்ட்டுகளுக்கு (சிலிண்டர் சுவரில் உள்ள காற்று வழிகளுக்கு) நடுவில் இருக்கும் பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல். போன வருடம் எனக்கு வந்த ஒரு ஜோடியில் அந்த விரிசல் இருந்தது. படங்களில் அந்தப் பக்கம் மட்டும் நிழலில் விழுந்திருந்தது. பெட்டியைத் திறக்கும்போதே எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். ஈபேயில் பொருள் விவரித்தபடி இல்லையென்றால் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு, பணம் முழுதும் திரும்பியது. நேரில் கைக்காசு கொடுத்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பேபாலில் நண்பர், குடும்பம் என்ற வழியில் அனுப்பு, கட்டணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேரத்தையே விட்டுவிடு. அப்படி அனுப்பும் பணத்துக்குக் காப்பு கிடையாது.

வீல் வாங்கும்போது அவசரப்படாதே. ஹோண்டா 400 வண்டிக்கும் பான்ஷிக்கும் முன் வீலில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு ஒன்றுதான், 144 மி.மீ. பின் வீலில் ஹோண்டாவுக்கு 110, யமஹாவுக்கு 115. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நான்கு வீல் செட்டாக வரும்போது இரண்டு மாட்டும், இரண்டு மாட்டாது. முன்பக்கம் அகலப்படுத்த ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தை ஃபிரேமோடு சேர்க்கும் கை) பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதுதான் நான் முதலில் செய்யச் சொல்லும் மாற்றம். கம்பெனி அகலம் 1100 மி.மீ. சரிவில் குறுக்கே போகும்போது அது குறுகல்தான். பக்கத்துக்கு 2 அங்குலம் கூடினால் வண்டியின் குணமே மாறிவிடும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, நீளமான பிரேக் ஹோஸ், பொருத்தமான ஷாக் இவற்றோடு சேர்த்து விற்பவரிடம் வாங்கு. வந்ததும் சமதளமான மேசையில் வைத்து வளைவு பார், வெல்டிங் ஓரங்களைத் துடைத்து முடிபோன்ற கீறல் பார். அங்கே உடைந்தால் ஆள் போய்விடுவான் மாப்ள.

இன்னொன்று. பேர்போன ஜப்பான் கார்புரேட்டர்களின் நகல்கள் புதுப்பெட்டியில் மலிவாக வருகின்றன. ஜெட்டில் எண் ஒன்று இருக்கும், துளை வேறாக இருக்கும். அதைவிட அழுக்குப் பிடித்த பழைய அசல் எனக்கு உசத்தி. கழுவினால் சுத்தமாகிவிடும்.

சின்னவன் என் வண்டியைக் கேட்கிறான். கொடுக்கவில்லை. 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை 16 வயதுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்று 1988-இல் கம்பெனிகள் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றதும் அப்போதுதான். எத்தனையோ பிள்ளைகள் அடிபட்ட பிறகு வந்த விதி அது. அவனுக்குக் கோபம்தான், இருக்கட்டும். ஹெல்மெட்டையும் நெஞ்சுக் கவசத்தையும் மாட்டிவிட்டு அவன் வயதுக்குரிய சின்ன வண்டியில் விடுகிறேன். உன் பையனுக்கும் இதையே செய்.

நீ ஓட்டப்போவது உங்கள் மிச்சிகனின் சில்வர் லேக் மணல்மேட்டில்தானே? அங்கே தரையிலிருந்து 10 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும், கிளாமிஸில் எங்களுக்கு 8 அடி. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருபவனுக்கு அந்தக் கொடி மட்டும்தான் தெரியும். பழைய கொடிக்கம்பு வாங்காதே, அதைப் புதிதாகவே வாங்கு.

மிச்சிகனில் இந்த வண்டிகளுக்கும் டைட்டில் (உரிமைச் சான்று) உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் ஃபிரேமில் குத்தியிருக்கும் எண்ணை டைட்டிலோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடு. எண்ணின் மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ சுற்றிலும் கிரைண்டர் ஓடியிருந்தாலோ திரும்பி வந்துவிடு. எல்லாம் சரியென்றால் எஞ்சினின் இரண்டு பக்கமும், கார்புரேட்டரும், முன் ஏ-ஆர்மும் தெரிகிற மாதிரி எனக்குப் படம் அனுப்பு. சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன், அவர் கராஜில் நின்றுகொண்டே வீடியோவில் கூப்பிடு. எஞ்சின் சூடாகாமல் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல், சத்தத்தை நானும் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள