டைம்கோடு குழப்பத்தைத் தீர்த்த நண்பருக்கு

பெயர் சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை. நன்றியை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டு கேமரா, தனி ஆடியோ ரெக்கார்டர். எல்லாம் நொடிக்கு 29.97 பிரேம் வேகம்தான். ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், நேர எண் கொடுக்கும் டைம்கோடை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்தினோம். காலை ஷாட்கள் ஒலியோடு பொருந்தின, மாலை ஷாட்கள் பொருந்தவே இல்லை. கேபிளை மாற்று, மென்பொருளைப் புதுப்பி என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. நீங்கள் மட்டும்தான் முதலில் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா, நேரம் போகப்போகக் கூடுகிறதா?"

கூடிக்கொண்டே போனது. மணிக்கு ஏறக்குறைய 3.6 நொடி. அதைக் கேட்டதுமே பிடித்துவிட்டீர்கள்: கேமராக்களின் டைம்கோடு டிராப் பிரேம் முறையில், ரெக்கார்டருடையது எண் எதையும் தாண்டாத நான்-டிராப் முறையில். டிராப் பிரேமில் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பிரேம் எண்களைத் தாண்டி எண்ணுவார்கள், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. படம் ஒன்றுகூடத் தொலைவதில்லை, எண்தான் தாவுகிறது. (பெயர் வைத்தவரை என்ன சொல்ல!) ஆக ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை. டைம்கோடை விட்டுவிட்டு, கேமரா ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் அலைவடிவத்தை வைத்து ஒத்திசைக்கச் சொன்னீர்கள், எல்லாம் உட்கார்ந்தது.

அப்புறம், கேட்காமலே சொன்ன இன்னொன்று: மெமரி கார்டிலிருந்து கிளிப்பை மட்டும் உருவாமல் முழு போல்டர் அமைப்பையும் நகலெடுத்து, செக்சம் (நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்த்த பிறகே கேமராவிலேயே பார்மட் செய்வது. இப்போது எங்கள் குழுவில் அதுதான் நடைமுறை.

மிக்க நன்றி, நண்பரே.