பல் கிளினிக் பைப்புல போற பாதரசம்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

சொத்தைப் பல்லுல அடைக்கிற சில்வர் ஃபில்லிங் (டாக்டருங்க அமால்கம்னு சொல்றது) பத்தி எழுதுறேன். அதுல எடைக்கு ஏறக்குறைய பாதி பாதரசம்தான், மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம். உடனே வாட்ஸ்அப்ல சுத்துற மாதிரி "வாய்க்குள்ள விஷம், இன்னைக்கே எடுத்துருங்க"ன்னு சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. நல்லா இருக்குற ஃபில்லிங்க தோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமா வரும். அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் 2020ல கர்ப்பிணிங்க, பால் குடுக்குற அம்மாங்க, குழந்தைங்க, கிட்னி இல்ல நரம்புப் பிரச்சனை இருக்குறவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் புதுசா போட வேணாம், ஆனா ஏற்கனவே இருக்குறத அவசியம் இல்லாம எடுக்கவும் வேணாம்னுதான் சொல்லுச்சு. அது டாக்டருங்க பாத்துக்க வேண்டிய விஷயம். எனக்கு வாய பத்தி இல்ல, அந்த நாற்காலிக்குக் கீழ போற பைப்ப பத்திதான் கவலை.

பழைய ஃபில்லிங்க டிரில் பண்ணும்போது தண்ணியோட சேந்து தூள் தூளா வருது, பாதிய சக்ஷன் (வாயில வைக்கிற உறிஞ்சு குழாய்) இழுத்துக்குது, மீதிய நாம துப்புறோம். பெரிய துண்டு ஃபில்டர்ல நிக்கும், பொடி அப்படியே சாக்கடைக்குப் போயிடும். அங்கிருந்து சேத்துக்கும் ஆத்துக்கும் போனா, சேத்துல இருக்குற பாக்டீரியா அதுல கொஞ்சத்த மெத்தில் மெர்க்குரிங்கிற விஷமா மாத்துது, அது மீனுக்குள்ள ஏறி சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பி வரும். ஜப்பான்ல மினமாட்டா ஜனங்கள முடக்கிப் போட்டது இந்த மெத்தில் மெர்க்குரிதான் (அங்க ஒரு ஃபேக்டரியே கடல்ல கொட்டுச்சு, பல் கிளினிக்க அதோட சமமா வைக்கல, ஆனா பொருள் அதேதான்).

இத தடுக்க அமால்கம் செப்பரேட்டர்னு ஒண்ணு இருக்கு, சக்ஷன் லைன்ல மாட்டுறது, 95 சதவீதத்துக்கு மேல பிடிச்சு வச்சுக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2019லேயே கட்டாயம் ஆக்கிட்டாங்க, அமெரிக்காவுலயும் 2017ல ரூல் போட்டு 2020 ஜூலை வரைக்கும் டைம் குடுத்தாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரியிலிருந்து, சில விலக்கு தவிர, அந்த ஃபில்லிங்குக்கே தடை.

பாதரசத்த குறைக்கறதுக்கான உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தத்துக்கு நம்ம நாடும் 2018ல ஒப்புதல் குடுத்தாச்சு. 2025 நவம்பர்ல அந்த ஒப்பந்த நாடுங்க ஜெனிவாவுல கூடி 2034க்குள்ள இந்த ஃபில்லிங்க முழுசா நிறுத்தறதுன்னு முடிவும் பண்ணிட்டாங்க. அப்புறம் என்ன, அதுவே ஒழிஞ்சுடும்னு நீங்க கேக்கலாம். ஒழியாது சார். இத்தனை வருஷமா ஜனங்க வாயில போட்டு வச்சதெல்லாம் இனிமேதான் உடைஞ்சும் தேஞ்சும் ஒவ்வொண்ணா டிரில்லுக்கு வரப் போகுது, எல்லா கிளினிக்கும் பாதரசம் இல்லாத காம்போசிட் ஃபில்லிங்குக்கு மாறினாலும் பழசு இன்னும் பல வருஷத்துக்கு அதே பைப்புலதான் இறங்கும். அதனால செப்பரேட்டர் 2034க்கு அப்புறமும் வேணும்.

இன்னொண்ணு, யாரும் பேசுறதே இல்ல. புடுங்குன பல்லு மருத்துவக் கழிவு போடுற மஞ்சள் பையில போய் இன்சினரேட்டர்ல எரியுது. அதுல ஃபில்லிங் இருந்தா பாதரசம் ஆவியா புகையோட போயிடும். ஃபில்லிங் இருக்குற பல்ல தனியா டப்பாவுல போடுங்கன்னு ஒரு சர்க்குலர் விட எவ்ளோ நேரம் ஆகும்?

படுக்கை இல்லாத கிளினிக்குக்கு பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ல ஒரே தடவைதான் ஆதரைசேஷன், அதாவது உங்க அனுமதி. அப்படின்னா நீங்க கேள்வி கேக்குற சான்ஸும் அந்த ஒரு தடவைதான். அந்த ஃபார்ம்லயே செப்பரேட்டர் இருக்கா, சேர்ற கழிவு யார்கிட்ட போகுதுன்னு கேளுங்க. ஏற்கனவே வாங்கினவங்களுக்கு தனியா நோட்டீஸ். சின்ன ஊர்ல ஒத்த நாற்காலி வச்சிருக்குறவங்களுக்கு செலவுதான், அவங்களுக்கு டைம் குடுங்க, மானியம் ஏதாவது பாருங்க. ஆனா வரிசையா நாற்காலி போட்டு பசங்க பிராக்டிஸ் பண்ற டென்டல் காலேஜுக்கு என்ன சாக்கு? அங்கிருந்து ஆரம்பிங்க, அரசு காலேஜும் சேத்துதான்.

பாதரசம் மண்ணுல போயிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரிய 2001ல மூடினாங்க, அந்த மண்ண சுத்தம் பண்ற வேலை எத்தன வருஷம் இழுத்துச்சுன்னு உங்க ஃபைல்லயே இருக்கு.

எந்தெந்த டென்டல் காலேஜ்ல செப்பரேட்டர் இருக்கு, எதுல இல்லைங்கிற லிஸ்ட்ட முதல்ல உங்க வெப்சைட்ல போடுங்க.

இப்படிக்கு,
மீன் சாப்பிடுற, வாயில ரெண்டு சில்வர் ஃபில்லிங் இருக்குற ஒரு சென்னைக்காரன்