பாப்பாவுக்கு, வாத்து அடையில் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆச்சிக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துவிட்டால் தூங்கிவிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு முட்டைப் படம் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி, எழுதிப் போடுவோம், நீ நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்வாய் என்று உட்கார்ந்தேன்.

கூஸ் வாத்து அடை உட்கார்ந்துவிட்டது. மேலப்பாளையம் சந்தையில் வாங்கிய அதே ஜோடிதான். போன வருஷம் ஐந்து முட்டை போட்டு ஐந்தும் கூமுட்டையாகப் போயிற்றே, அம்மாகூட இது மலட்டு வாத்து, விற்றுவிடுங்கள் என்றாள். நான்தான் விடவில்லை. முதல் வருஷ முட்டையில் கரு கூடுவது குறைவு, இரண்டாம் மூன்றாம் வருஷத்தில்தான் சரியாக வரும். இந்த மார்கழி கடைசியில் போட ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் ஒன்று. மொத்தம் ஒன்பது முட்டை. ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை, கோழிமுட்டை மூன்றைச் சேர்த்த கனம் இருக்கும்.

இடம் எது தெரியுமா, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நீ சைக்கிள் நிறுத்துவாயே அந்த மூலை. நான் மரப்பெட்டி செய்து வைக்கோல் போட்டு வேறு பக்கம் வைத்தேன், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானே போய் வாழைச்சருகையும் வைக்கோலையும் இழுத்து இழுத்துச் சுற்றிலும் போட்டுக்கொண்டது. முட்டை போட்டதும் மேலே சருகை மூடிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நடந்து வரும். அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கியும் முட்டை இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கடைசி முட்டை போடுகிற சமயத்தில் தன் நெஞ்சில் இருக்கிற பஞ்சு இறகைத் தானே பிடுங்கி உள்ளே மெத்தை போட்டுவிட்டது. குடியரசு தினத்தன்று உட்கார்ந்தது. ஒன்பதும் சேரும் வரை உட்காராது, அதுவரை சூடு கிடைக்காததால் முதல் முட்டையிலும் குஞ்சு வளராமல் அப்படியே இருக்கும். அதனால்தான் முன்னே பின்னே போட்டாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிகிறது. கணக்குப்படி 28-லிருந்து 30 நாள். அப்படியென்றால் இந்த மாதம் 23, 24, 25 வாக்கில் பொரிக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி பிரெட் தின்றுவிட்டுப் படுக்காதே.

பத்தாம் நாள் ராத்திரி போன் டார்ச்சை வைத்து முட்டை பார்த்தேன். பெட்டை குளிக்கப் போன நேரம் பார்த்துத்தான் போனேன், ஆனால் ஆண் வாத்து விடவில்லை. துரை என்று பெயர் வைத்திருக்கிறோம், அப்படி ஒரு நடை. அது அடையில் உட்காராது. பத்தடி தள்ளி நின்று காவல் மட்டும்தான், ராவும் பகலும். கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வந்து சிறகு முட்டியால் என் கெண்டைக்காலில் ஓர் அடி போட்டது, இன்னும் கன்றிப்போய்தான் இருக்கிறது. இரண்டு முட்டையில் வெளிச்சம் மஞ்சளாக அப்படியே ஊடுருவிப் போனது, அவை கூமுட்டை. மிச்சம் ஏழிலும் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, சிலந்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒன்றில் அந்தப் புள்ளி துள்ளியது பாப்பா. நான் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

திருப்பி வைக்கும்போது ஒரு முட்டை உருண்டு வெளியே வந்துவிட்டது. எடுக்கலாம் என்றால் பெட்டை வந்துவிட்டது. அப்போதுதான் நீ பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கிற நாளில் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. 1973-இல் நோபல் பரிசு வாங்கினாரே, லோரன்ஸ். கூட்டுக்கு வெளியே கிடக்கும் முட்டையை வாத்து எப்படி உள்ளே எடுக்கும் என்று அவர் எழுதியதாகச் சொன்னாய். அப்படியே செய்தது. எழுந்திருக்காமல் கழுத்தை நீட்டி, அலகின் அடிப்பாகத்தை முட்டைக்கு அந்தப் பக்கம் கொடுத்து, இடமும் வலமுமாகத் தட்டித் தட்டி மெதுவாக இழுத்து வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. பாதியில் யாராவது முட்டையை எடுத்துவிட்டாலும் கழுத்து மட்டும் காலியாகக் கடைசி வரை இழுத்துக்கொண்டே வரும் என்று சொன்னாயே, அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீ பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தது நீதான். நீ சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். உன் சம்பளத்தில் போட்ட போர் தண்ணீர்தான் இப்போது வாத்துத் தொட்டிக்கும் போகிறது, வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

ஆனால் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வராதது சரியில்லை. பந்தியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் பொங்கலன்று இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பார்.

பெட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறது, அதுவும் கால் மணி நேரம். வந்து குருணையை அவசர அவசரமாக விழுங்கும், தண்ணீர் குடிக்கும், தொட்டியில் முங்கும், இறகு சொட்டச் சொட்டப் போய் உட்கார்ந்துவிடும். அந்த ஈரம் முட்டைக்கு வேண்டும், இல்லையென்றால் உள்தோல் காய்ந்து குஞ்சு வெளியே வரச் சிரமப்படும். ஆனால் அது இளைத்துவிட்டது பாப்பா. நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. அதனால் ஊறவைத்த கோதுமையும் கீரையும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய் வைக்கிறேன். யாருக்காக எதைத் தாங்கினாலும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. நீயும் சாப்பாட்டை விடாதே. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படு. யார் தட்டினாலும் கேட்டுவிட்டுத் திற.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போன வாரம் போய் வந்தேன். வரித்தலை வாத்துகள் வந்திருக்கின்றன. உன்னைச் சைக்கிளில் முன்னால் வைத்துக் கூட்டிப்போன நாள் முழுக்க அங்கே எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இமயமலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, பனிக்காலம் முடிகிறவரை மேய்ந்துவிட்டு, திபெத், மங்கோலியா, லடாக் பக்கத்து ஏரிகளுக்குப் போய்த்தான் முட்டை போடும். இங்கே ஒரு முட்டைகூடப் போடாது என்று வாட்சர் சொன்னபோது நீ கோபித்துக்கொண்டு வாட்சரிடமே சண்டை போட்டாய், நம்ம ஊரில் என்ன குறை என்று.

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொண்டையம்மாவை நரி கொண்டுபோகவில்லை பாப்பா.

நீ ஆறாவது படித்தாய். அந்த வாத்து அடை உட்கார்ந்து இருபது நாள், காலண்டரில் ஒவ்வொரு நாளும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாய். நான் ஒருவருக்கு வட்டிப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, மூன்று மாதப் பாக்கி. யாரென்று இப்போது வேண்டாம். அவர் மத்தியானம் வாசலில் வந்து நின்றார். நீ பள்ளிக்கூடத்தில், அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். கையில் பணம் இல்லை. அவர் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு அந்த வாத்தைக் கொடு, ஒரு மாத வட்டியைக் கழித்துக்கொள்கிறேன் என்றார். அடையில் இருக்கிறது என்று சொன்னேன், அதற்கு மேல் பேசவில்லை. நானே போய்த் தூக்கினேன். அடையில் இருக்கும் வாத்து கடிக்கும், அடிக்கும், ஆனால் அது என்னைக் கடிக்கவில்லை, தினமும் நான்தானே தீனி வைத்தேன். அதன் வயிறு சுட்டது. அந்தச் சூடு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

நீ வந்து கேட்டபோது நரி என்று சொன்னேன். பொண்டாட்டி பிள்ளைக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தைதான். ஆனால் நீ டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடை முழுக்க இறகு தேடினாய், நானும் உன் கூடவே தேடினேன். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தே புதரை விலக்கி விலக்கிக் காட்டினேன். அப்புறம் நீ முட்டைகளை அண்டாவில் உமி பரப்பி வைத்து, மேலே அறுபது வாட் பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி ராத்திரியெல்லாம் திருப்பித் திருப்பி வைத்தாய். கரண்ட் போனால் உன் போர்வையைப் போட்டு மூடினாய். முப்பத்தைந்தாம் நாள் வரை விடவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அம்மா எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண் வாத்து சாயங்காலமானால் கேட்டுக்குப் போய் நின்று கத்தும், நினைவிருக்கிறதா, பிறகு பாதி நாள் தீனி எடுக்காமல் அந்தக் காலிக் கூட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். கொரோனா வருஷம் சாகும் வரை அது வேறு ஜோடி சேரவில்லை.

இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பொய்தானே, பிள்ளை மறந்திருக்கும் என்றுதான் இருந்தேன். ஆனால் பரிசம் போடுவதற்கு முந்தின நாள் நீ கொல்லையில் வந்து, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டு, பந்தல்காரன் வந்துவிட்டான் என்று எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு அவன் வரவில்லை. அடுத்த நாள் காலையில்தான் வந்தான். நீ அதைக் கவனித்திருப்பாய். அப்புறம் நீ என்னிடம் எதையும் சொல்ல வரவேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பொங்கலுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. கருப்பட்டி, முறுக்கு, எள்ளுப்பொடி, அம்மா தைத்த தலையணை உறை, எல்லாம் பிரிக்காமல் அப்படியே வந்தது. மேலே "வீடு காலி" என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். நான் உன்னைக் கேட்கவில்லை. அம்மாவிடமும் பார்சல் கிடைத்துவிட்டது, உனக்கு முறுக்கு ரொம்பப் பிடித்ததாம் என்று சொல்லிவிட்டு, அதை வைக்கோல் பரணில் ஏற்றி வைத்தேன். வாத்துக்கு வைக்கோல் எடுக்கத் தினமும் அதே பரணுக்குத்தான் போகிறேன். தினமும் அது கண்ணில் படுகிறது.

நேற்று ராத்திரி இறக்கிக்கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்துவிட்டேன். கொண்டையம்மா விஷயத்தையும் சொன்னேன். அவள் வாத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்சலில் எழுதியிருந்ததை மட்டும் ரெண்டு தடவை படித்தாள். அப்புறம் எழுந்துபோய் உன் அறையில் கிடந்த உர மூட்டையை எல்லாம் வெளியே இழுத்துப்போட்டு, தரையைக் கழுவிவிட்டாள். ராத்திரி பதினொரு மணிக்கு.

நீ எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டாம். இப்போது எங்கே இருக்கிறாயோ அந்த முகவரியை மட்டும் அனுப்பு. யார் கூட இருக்கிறாய், தனியாக இருக்கிறாயா, அதையெல்லாம் உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். நான் எழுந்து போகமாட்டேன். கருப்பட்டி நன்றாகத்தான் இருக்கிறது, முறுக்கு நமுத்துவிட்டது. அம்மா காலையிலேயே மாவு அரைத்துவரச் சொல்லிப் பையைக் கையில் கொடுத்துவிட்டாள், மில்லில் வரிசையில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசிப் பகுதியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொரிப்பதற்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்னாலேயே முட்டைக்குள் குஞ்சு கத்துவது கேட்கும், தாயும் பதிலுக்கு முனகும். கேட்டதும் போனை வைத்து ரெக்கார்டு பண்ணி அனுப்புகிறேன். ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகும், நாம் உரித்து உதவப் போனால் ரத்தம் வந்து செத்துவிடும் என்று நீதான் சொன்னாய், அதனால் கை வைக்கமாட்டேன். 24-ஆம் தேதி சாயங்காலம் நாகர்கோவில் வண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வள்ளியூரில் இறங்கினால் எந்த நேரமானாலும் நான் ஸ்டேஷனில் இருப்பேன்.

சாப்பிடு. தாழ்ப்பாள் போட்டுப் படு.

அப்பா