ரப்பர்த் தை நடாமல் விட்ட வருஷம்

மக்களே,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். ஜூன் 23 ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மா நாலு தடவை போட்டுக் கேட்டாள். கத்தாரில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் அல் உதெய்த் பக்கம் ஈரான் ஏவுகணைகள் வானத்தில் வெடித்ததையும், விமானங்களை நிறுத்திவிட்டதையும் சொல்லும்போது உன் குரல் நடுங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று டிவியில் சொன்ன பிறகுதான் இங்கே அடுப்பு பற்றியது.

அதற்குப் பிறகு, உலகம் முடியப்போகிற வருஷம் இதுதான் என்று ஒரு பிரசங்கியார் சொல்லும் வீடியோவை அனுப்பி, "அப்பா, இதுதான் முடிவா? இனிமேல் நாம் வாங்கப் பார்த்த அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

வீடியோவை முழுசாகப் பார்த்தேன். வேதத்தில் எசேக்கியேல் 38-இல் பெர்சியர், அதாவது இன்றைய ஈரான்காரர், என்று இருப்பது வாஸ்தவம்தான். அதிலிருந்து ஒரு வருஷத்தைக் கணக்குப் போட்டு எடுத்தது அந்தப் பிரசங்கியாரின் சொந்தச் சாமர்த்தியம். இந்தச் சாமர்த்தியம் புதுசும் இல்லை. நம் மாவட்டமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில், ஜஸ்டஸ் யோசேப்பு என்ற போதகர் இருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், நல்ல பாட்டுக்காரர். 1881-இல் கர்த்தர் வந்துவிடுவார் என்று 1875-இல் சொன்னார். இன்னும் அஞ்சரை வருஷம்தானே என்று கூட்டம் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'அஞ்சரை வேதக்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வருஷம் வந்தது, போனது. அவருடைய பாட்டுகளைக் கேரளத்துச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள், கணக்கைத்தான் யாரும் நினைப்பதில்லை. அமெரிக்காவிலும் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக்கொண்டு, சில பேர் விளைந்ததை அறுக்காமலே வயலில் விட்டிருக்கிறார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1999-இல் கிழக்குப் பக்கத்துப் பழைய ரப்பரை வெட்டி விற்றோம். மழை தொடங்கியதும் புதுத் தை, அதாவது கன்று, நடவேண்டும், குழிகூட எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் ஒரு கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். 2000 பிறக்குமுன் எல்லாம் முடிந்துவிடும் என்று பேசினார்கள். வீட்டுக்கு வந்து, நட்டு ஏழு வருஷம் கழித்துப் பால் வெட்டுகிற மரத்தை இப்போது எதற்கு நடவேண்டும் என்று விட்டுவிட்டேன். தைக்கு வைத்திருந்த பணத்தையும் கன்வென்ஷன் காணிக்கையில் போட்டேன். குழிகளில் தண்ணீர் நின்று கொசு முட்டையிட்டது. உனக்கு அப்போது நாலு வயசு, அதில் காகிதக் கப்பல் விட்டாய்.

ஆச்சி ஒன்றும் திட்டவில்லை. ஒரு நாள் குழி ஓரத்தில் நின்று, "ஏலே, அவரு வரும்போ நீ மம்பட்டியும் கையுமா நின்னா, கோவிச்சிட்டா திரும்பிப் போவாரு?" என்று மட்டும் கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநடவு செய்தது 2002-இல். அந்த மூன்று வருஷத்துப் பால்தான் உன் நர்சிங் படிப்புக்குக் குறைந்தது, அந்தக் கடன்தான் நீ தோஹாவிலிருந்து அடைத்தது.

கர்த்தர் வருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மக்களே. ஆனால் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினதை மறுபடி எடுத்து வாசி. அந்தச் சபையில் ஆட்கள் செத்துப்போயிருந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான், கர்த்தர் வரும் நாளின் எக்காளத்தைப் பற்றியும் மேகத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். தேற்றுங்கள் என்கிறார்! அந்த வீடியோவைப் பார்த்தபிறகு உனக்கு ஆறுதலாக இருந்ததா, தூக்கம் போனதா? அடுத்த நிருபத்திலேயே, வேலையை விட்டுவிட்டு ஊர்சுற்றினவர்களுக்கு நல்ல சூடும் கொடுத்திருக்கிறார். அதைப் பிரசங்கத்தில் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆச்சி கல்லறைக்குப் போனேன். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதில் 'நித்திரை' மட்டும் பாசி பிடித்து மறைந்திருந்தது. தேங்காய் நார் கொண்டு தேய்த்தேன். நித்திரை என்றால் எழும்புவது உண்டு. என் நம்பிக்கை அவ்வளவுதான், அதில் தேதி கிடையாது.

பயமாக இருந்தால் வந்துவிடு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏவுகணைக்குப் பயந்து வா, வீடியோவுக்குப் பயந்து வராதே. உன் வார்டில் படுத்திருக்கிறவர்களும் அதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ராத்திரி டியூட்டியில் அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் நில்.

இடத்துக்காரரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கிணறு வடக்கு மூலையில் வரவேண்டும் என்கிறாள் அம்மா, எனக்கு அங்கே பாறை இருக்கும் என்று சந்தேகம். டிசம்பர் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா? டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கிறிஸ்மஸ் நெருங்கினால் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
அப்பா